மொட்டை மாடித் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர்களின் கைபேசி ஓயாது. மேல்தளத்தில் இருப்பவர், படுக்கையறை சீலிங்கில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பிக்கொண்டு வருகிறது என்பார். முதல் தளத்தில் இருப்பவர், பால்கனி ஜாலி வழியாகத் தண்ணீர் பொங்கி ஹாலுக்குள் வருகிறது என்பார். முன்னவருக்காக வாட்டர் ப்ரூஃபிங் ஆளைத் தேடுவார்கள், பின்னவருக்காகப் பிளம்பரை. இரண்டு புகாரும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறந்தவை. மொட்டை மாடியில் விழுந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றிருக்கிறது, அல்லது இறங்கும் வழியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

கூரைத் தண்ணீரை இறக்கும் பொறியியல் பழையது. வாட்டம் எவ்வளவு, குழாய் எத்தனை, அதன் வாய் எப்படி என்பதெல்லாம் எப்போதோ அட்டவணையாக அச்சாகிவிட்டது. இருந்தும் குடியிருப்பு, வணிக வளாகம், ஆலைக் கொட்டகை என்று எல்லா இடத்திலும் அதே கோளாறு வருடம் தவறாமல் வருகிறது. பலருக்குச் சொந்தமான கட்டிடத்தில் கூரை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிடுவதுதான் இதற்கு மூலகாரணம் என்பது என் எண்ணம். குழாயின் குறைகளும் பொருளின் குறைகளும் உண்மையில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அநேகம், யாராவது மேலே ஏறிப் பார்த்திருந்தால் சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டிருக்கும்.

முதலில் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அத்தனை பரப்புள்ள மாடியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் ஒரு மணி நேரத்தில் 22,300 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு பெரிய லாரித் தண்ணீர். (மே மாதத்தில் இதே கட்டிடம் இதே லாரிக்குக் காசு கொடுத்துக் காத்திருக்கும்.) ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை மேகவெடிப்புக்கு வைத்திருக்கும் வரையறை. முழு ஒரு மணி நேரம் அப்படிப் பெய்வது அரிது. ஆனால் பத்து நிமிஷம், கால் மணி நேரம் அந்த வேகத்தில் கொட்டுவது நம் ஊர் இடிமழைக்குச் சகஜம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தமிழ்நாடே வாய்பிளந்து பார்த்த மழை அது. அதையும் 24-ஆல் வகுத்தால் சராசரி மணிக்கு 40 மி.மீ.தான். மாடிக் குழாய்க்கு நாள் கணக்கு முக்கியமில்லை, நிமிஷக் கணக்குதான் முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும்.

தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் இதற்கான அட்டவணை உண்டு. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு, 75 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று சுமார் 20 சதுர மீட்டர் கூரைக்குப் போதும். 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 43 சதுர மீட்டருக்குப் போதும். மூன்று அங்குலத்துக்கும் நாலு அங்குலத்துக்கும் ஓர் அங்குலம்தானே வித்தியாசம் என்று கடையில் தோன்றும். கூரையில் அது இரண்டு மடங்குக்கு மேல். அட்டவணைப்படி ஒரு கிரவுண்டு மாடிக்கு நாலு அங்குலக் குழாய் ஆறு வேண்டும். 1980களிலும் 90களிலும் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகளில் எண்ணிப் பாருங்கள், மூன்று இருந்தால் அதிகம். அவை எப்படித் தப்பித்தன என்றால், அட்டவணையில் தாராளமான பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. சுத்தமான வாயும் நேரான குழாயும் அட்டவணை சொல்வதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். அந்த இடைவெளியைத்தான் நாலு புங்க இலையும் ஒரு பாலிதீன் பையும் தின்றுவிடுகின்றன.

குழாயின் வாய் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முட்டுக்கட்டை பெரும்பாலும் அங்கேதான். சமதளத்தில் இருக்கும் துளைக்குள் தண்ணீர் விழும் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: துளையின் விளிம்புச் சுற்றளவு, விளிம்பின் மேல் ஏறி நிற்கும் தண்ணீரின் உயரம். கீழே குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வாயருகே தண்ணீர் ஒரு செ.மீ. உயரம்தான் நிற்கிறது என்றால் அது சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். அதனால்தான் வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தளத்தைக் குழித்துக் கொடுப்பது வழக்கம். பொதுப்பணித் துறைக்காரர்கள் அதைக் குர்ரா என்பார்கள். அந்தக் குழி இருந்தால் அதே மழையில் வாயின் மேல் நாலைந்து செ.மீ. தண்ணீர் நிற்கும், இழுப்பு பல மடங்காகும். பல கட்டிடங்களில் இந்தக் குழியே கிடையாது. கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு துளை, அதற்கு வெளியே ஓர் எல்போ, அவ்வளவுதான். துளையில் தட்டையான ஜாலி ஒன்றைச் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்ய முடியாத ஜாலி, அடைப்பதற்கென்றே வைத்த மூடி. கூம்பாக மேலெழுந்த ஜாலியானால் அடிப்பக்கம் சருகு சேர்ந்தாலும் மேல்பக்கம் தண்ணீர் வாங்கும். விலையும் பெரிதில்லை.

அடைப்பது எது? வேம்பு மாசி, பங்குனியில் உதிர்க்கும் இலை மூலையில் மக்கிக் கருப்பு மண்ணாகி ஐப்பசிக்குக் காத்திருக்கும். காக்கை கொண்டுவந்து போடும் எலும்பு, புறா எச்சமும் இறகும், ஷட்டில் காக், மாடித் தோட்டத்துத் தேங்காய் நார்க் கழிவு, வடகம் காயவைத்த பிளாஸ்டிக் ஷீட்டின் கிழிசல். இவற்றோடு நம் ஊருக்கே உரிய ஒன்று: தீபாவளி மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. சரவெடிக் காகிதம் நனைந்தால் கூழாகிவிடும். அந்தக் கூழ் ஜாலியில் படிந்து காய்ந்து, அடுத்த மழையில் அட்டைபோல் நிற்கும். புரட்டாசியில் ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும் சங்கங்கள்கூட இதில் மாட்டிக்கொள்கின்றன.

இவையெல்லாம் கையால் எடுத்துவிடக்கூடியவை. எடுக்க முடியாதது சிமென்ட். மாடியில் கூலிங் டைல்ஸ் ஒட்டவோ பூச்சு வேலைக்கோ வரும் ஆட்கள், சாயங்காலம் சட்டியையும் கரணையையும் கழுவிச் சிமென்ட் பாலை மழைக் குழாயில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அது முதல் எல்போவில் தங்கி இறுகிவிடும். நாலு அங்குலக் குழாய் இரண்டு அங்குலமாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாடி வேலை தொடங்குமுன் குழாய் வாய்களைச் சாக்கு வைத்துக் கட்டு, முடிந்ததும் அவிழ்த்து வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவோரைக் காண்பது அரிது.

வாட்டர் ப்ரூஃபிங் தொழிலின் மீது எனக்குள்ள குறையும் இதோடு சேர்ந்ததே. பழைய முறையில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். குறைந்தது நூறுக்கு ஒன்று வாட்டம் விடுவார்கள், அதாவது பத்து மீட்டர் ஓட்டத்துக்குப் பத்து செ.மீ. இறக்கம். கசிவு என்றதும் இன்று அதன் மேலேயே ஒரு ரசாயனப் பூச்சு, சில வருடம் கழித்து அதன் மேல் ஒரு டைல்ஸ். ஒவ்வொரு அடுக்குக்கும் தளம் உயரும். குழாய் வாய் உயராது, சுருங்கும். துளையின் கீழ்ப் பாதி பூச்சுக்குள் புதைந்து பிறை வடிவில் நிற்பதை எத்தனையோ மாடிகளில் பார்க்கலாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. தண்ணீர் ஓடிவிடும் இடத்தில் சுமாரான பூச்சே பல வருடம் உழைக்கும். சூரியத் தகடு பொருத்துகிறவர்களும் இப்போது இதில் சேர்ந்துகொண்டார்கள். வாட்டத்துக்குக் குறுக்கே கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனால் ஒவ்வொரு கட்டையும் ஒரு குட்டி அணை.

இனி கீழிறங்கும் குழாய். பழைய கட்டிடங்களில் வார்ப்பிரும்பும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டும் இருந்தன, இப்போது எங்கும் பி.வி.சி. இந்தியத் தரநிர்ணயத்தில் இதற்கு இரண்டு வகை உண்டு. மெல்லிய ஏ வகை காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும், தடித்த பி வகை கழிவுநீருக்கும். ஏ வகை மழைநீருக்குத் தகுந்ததே, அது வெறும் வழியாக இருக்கும்வரை. வெயில் ஏறினால் பி.வி.சி. நீளும். மூன்று மீட்டர் குழாய் 30 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் சுமார் 6 மி.மீ. நீளும். மேற்குச் சுவரில் கோடைக்காலக் காலைக்கும் பிற்பகலுக்கும் அந்த வித்தியாசம் வந்துவிடும். எல்லா இணைப்பையும் பசை போட்டு ஒட்டி, கிளாம்பையும் இறுக்கி முடுக்கினால், நீள இடமில்லாமல் இணைப்பில் விரிசல் விடும். ரப்பர் வளைய இணைப்பு இதற்காகவே வந்தது. பசை சல்லிசு, அதனால் பசையே ஒட்டுகிறார்கள். அழகுக்காகக் குழாயைத் தூணுக்குள்ளோ சுவருக்குள்ளோ புதைப்பது இன்னும் மோசம். புதைத்த குழாயில் விரிசல் விட்டால் தண்ணீர் கம்பியைத் தேடிப் போகும். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழும்போதுதான் செய்தி வெளியே வரும்.

குழாய் வெளியே இருந்தாலும் அதை மழைக்கு மட்டும் விட்டுவைப்பதில்லை. ஏ.சி. தண்ணீர், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர், பால்கனிக்கு இடம் மாறிய வாஷிங் மெஷின் எல்லாம் அதில் சேர்கின்றன. வருடம் முழுவதும் ஈரம் இருப்பதால் இணைப்பில் அரசங்கன்று முளைக்கும். சோப்பு நுரையும் துணிப் பிசிறும் உள்ளே படியும். பால்கனித் தரை ஜாலியும் இதே குழாயில்தான் முடிகிறது. கீழே அடைப்பு ஏற்பட்டால் மாடித் தண்ணீர் குழாயில் ஏறி நின்று, முதலில் கிடைக்கும் திறப்பு வழியாக வெளியே வரும். அந்த முதல் திறப்பு முதல் தளத்துப் பால்கனி. முதல் தளத்துக்காரர் தன் வீட்டு ஜாலியைக் குத்திக்குத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். அடைப்பு இருப்பது அவர் காலுக்குப் பத்தடி கீழே. மாடிக்குத் தனிக் குழாய், பால்கனிக்குத் தனிக் குழாய் என்று பிரித்துவிட்டால் இது நடக்காது. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு குழாய் கூடுதலாகச் செலவழிக்க யோசிக்கக் கூடாத இடம் இது.

கீழ்முனையின் கதை தமிழ்நாட்டில் தனி. 2003-இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, அதுவரை தரையில் கொட்டிக்கொண்டிருந்த குழாய்களை அவசர அவசரமாக ஒன்றோடொன்று இணைத்துக் குழிக்கும் கிணற்றுக்கும் விட்டோம். நல்ல காரியம், நிலத்தடி நீருக்குப் பலனும் கிடைத்தது. ஆனால் இறங்குகுழாயிலிருந்து குழி வரை தரையடியில் ஓடும் படுக்கைக் குழாய் பல இடங்களில் வாட்டமில்லாமல் போடப்பட்டது. மாடித் தூசியெல்லாம் அதில் வண்டலாகப் படிகிறது. கார்த்திகை வாக்கில் மண் ஊறி, குழியும் நிரம்பிவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. குழிக்கு உபரி வழி வைக்காதவர்கள் வீட்டில் இறங்குகுழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மூன்று மாடி உயரம் என்றால் அடியில் சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு அழுத்தம். வெறும் வழியாக இருக்கத்தான் ஏ வகைக் குழாயின் இணைப்புகள், தொட்டிபோல் தாங்குவதற்கில்லை. எந்த இணைப்பு நொய்ந்ததோ அது பீய்ச்சும். சேகரிப்புக் குழியின் மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவி மறுபடி போடுவது மழைக்கு முந்தைய வேலைகளில் ஒன்று. பலரும் செய்வது வேறு: குழி வாங்கவில்லை என்றதும் குழாயைக் கழிவுநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுவது. சென்னைக் குடிநீர் வாரியம் கூடாதென்று பலமுறை சொல்லியும் நிற்கவில்லை. மழை நாளில் தெருமுனையில் கழிவுநீர் மூடி பொங்குவதில் இதற்கும் பங்குண்டு.

வணிகக் கட்டிடங்களில் அளவு பெரிது, ஆபத்தும் வேறு. ஆலைக் கொட்டகையில் இரண்டு சாய்வுகள் சேரும் இடத்தில் உள்ளே ஓடும் தகர வாய்க்கால் நிரம்பினால், வழியும் தண்ணீர் நேரே இயந்திரத்தின் மேல், துணிக் கட்டின் மேல், மின்பலகையின் மேல் விழும். கான்கிரீட் தளத்துக்கு எடை பெரிய பயமில்லை, ஆனால் பயமே இல்லாமலும் இல்லை. ஆள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தரவிதி சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குச் சுமை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. வாய்கள் அடைத்து 15 செ.மீ. தண்ணீர் நின்றால் அந்த 150 கிலோ அப்படியே வந்துவிடும், ஒரு கிரவுண்டுக்கு முப்பத்து மூன்று டன். நீண்ட இடைவெளியைத் தாண்டும் இரும்புக் கூரையில் இது இன்னும் பொல்லாதது. எடைக்குக் கூரை வளையும், வளைந்த இடத்துக்கு மேலும் தண்ணீர் வரும், வந்தது மேலும் வளைக்கும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கெம்பர் அரங்கத்தின் கூரை 1979 ஜூன் 4 அன்று பெருமழையில் இடிந்தது இப்படித்தான். நகரச் சாக்கடை திணறக் கூடாதென்று மழைநீரைக் கூரையிலேயே தேக்கி மெதுவாக விடும்படி குறைவான வாய்களோடு அதை வடிவமைத்திருந்தார்கள். காற்றில் ஆடி ஆடிக் களைத்திருந்த போல்ட்டுகள் தண்ணீரின் எடையைத் தாங்கவில்லை. உள்ளே கூட்டம் இல்லாத நேரம். 2024 ஜூன் 29 அன்று ராஜ்கோட் விமான நிலைய வாசலில் துணிப் பந்தல் கிழிந்து விழுந்தது, அதில் தேங்கிய தண்ணீரைப் பராமரிப்பு ஆட்கள் தள்ளிவிட முயன்றபோது.

பெரிய கூரைகளுக்கு 1960களின் இறுதியில் பின்லாந்தில் பிறந்த சைஃபானிக் முறை இப்போது விமான நிலையங்களிலும் மால்களிலும் வருகிறது. வாயில் ஒரு தட்டை வைத்துக் காற்று புகாமல் தடுத்தால் குழாய் முழுக்கத் தண்ணீராகி, தானே உறிஞ்சி இழுக்கும். மெல்லிய குழாய் போதும், சீலிங்குக்கு மேல் படுக்கையாகவே கொண்டுபோகலாம். ஆனால் அது கணக்குப் போட்டுச் சமன்செய்த அமைப்பு. பின்னால் வருகிற பிளம்பர் நடுவில் ஒரு குழாயைச் சேர்த்தால் சமன் போய்விடும். பராமரிப்பு நோஞ்சானாக இருக்கும் ஊரில் இதை நான் தயங்கித்தான் சிபாரிசு செய்வேன்.

அடைப்பு வரும் என்று ஒப்புக்கொண்டே கட்டுவது எல்லாக் கூரைக்கும் பொருந்தும். அமெரிக்க விதிகள் முதன்மை வாய் அடைத்தால் தண்ணீர் வெளியேற இரண்டாவது வழி வேண்டும் என்கின்றன. நம் மாடிகளில் அதற்குப் பெரிய செலவில்லை. கைப்பிடிச் சுவரில் தளத்துக்கு ஐந்தாறு செ.மீ. மேலே ஒரு துளை, அதில் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்த் துண்டு. மாடிப்படிக் கதவின் வாசற்படிக்கு அது தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் முதலில் படியிறங்கி லிஃப்ட் குழிக்குள் போய்ச் சேரும். அந்தத் துண்டை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசல் பக்கம் வைப்பது நல்லது. அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் மேலே அடைத்திருக்கிறது என்று காவலாளி முதல் குழந்தைவரை எல்லோருக்கும் தெரியும். இப்படிக் கண்ணில் படும் வடிகால் நமக்குப் புதிதல்ல. சங்க நூலான நெடுநல்வாடையின் அரண்மனை நிலாமுற்றத்தில் மழைநீர் விழுவது மகர மீன் வாய்போல் செய்த அம்பணம் என்னும் தூம்பின் வழியாக. கோயில் மண்டபக் கூரைகளிலும் கல் தூம்புகள் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஒளிவுமறைவில்லாத வடிகால் அது. அடைத்தால் அன்றே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு மேலே ஏறுவது யார்? 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப்பகுதி என்றே சொல்கிறது. வேலைத்தரக் குறைபாட்டை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டினால், கட்டுநர் தம் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டின் 2022 அடுக்கக உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்து சங்கத்தையும் பொதுச் செலவையும் ஒழுங்குபடுத்துகிறது. காகிதத்தில் குழப்பம் குறைவு. நடைமுறையில், ஓதம் மேல்தளத்துக்கு மட்டும் தெரிவதால் மற்றவர்கள் அதை அவருடைய பிரச்சினை என்கிறார்கள். பழைய கிரயப் பத்திரங்களில் மாடி உரிமை ஒருவருக்கே என்று எழுதியிருந்தால் சண்டை இன்னும் இழுக்கும். வணிக வளாகத்தில் கடைக்காரர் வாடகைக்கு இருப்பவர், உரிமையாளர் வேறு ஊரில், நடுவே ஹவுஸ்கீப்பிங் நிறுவனம். அவர்கள் ஒப்பந்தத்தில் மாடியைப் பெருக்குவது இருக்கும், ஜாலியைக் கழற்றுவது இருக்காது.

ஆகவே வேலையை ஒரு பெயரோடு கட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயின் மேலும் கீழும் ஒரே எண்ணைப் பெயின்டால் எழுதி, எது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. புரட்டாசியில் ஒவ்வொரு வாயிலும் ஒரு டிரம் தண்ணீரை ஊற்றி, அதே எண் போட்ட கீழ்முனையில் உடனே வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். தீபாவளி மறுநாள் காலையில் ஜாலிகளைத் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. அது தண்ணீருக்காக மட்டுமில்லை, தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். இலங்கையில் டெங்கு ஒழிப்புக்காரர்கள் கூரைப் பீலிகளை, அதாவது கூரையோர வாய்க்கால்களைக் குறிவைப்பது இதனால்தான். தகரக் கூரையிலும் அட்டைக் கூரையிலும் ஏறுவதற்குப் பலகையும் இடுப்புக் கயிறும் இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. வெளிச்சத்துக்குப் பதித்த பாலிகார்பனேட் ஷீட் தூசி படிந்தால் மற்றதிலிருந்து பிரித்துத் தெரியாது, காலை வைத்தால் உடைந்து உள்ளே விழுவார்கள்.

கடைசியாக மாடிக் கதவின் சாவி. காதல் ஜோடி, குடிகாரர், பட்டம் விடும் பிள்ளைகள் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகப் பூட்டிய கதவு அப்படியே பூட்டிக் கிடக்கும். சாவி செயலாளரிடம், செயலாளர் ஊரில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கட்டில் தண்ணீர் இறங்கும்போது பூட்டை உடைக்க ஆள் தேடுவதற்குப் பதில், மூன்று சாவி செய்து, ஒன்றைக் காவலாளியிடமும் ஒன்றை மேல்தளத்து வீட்டிலும் கொடுத்து வைக்கலாம்.